நாலுக்கு ஒண்ணு விழும்

ஐதராபாத்
செப்டம்பர் 8

சித்தப்பா அவர்களுக்கு,

எழில் எழுதுகிறேன். நான் நலம். சித்தியின் மூட்டு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் எண்ணை என் போனில் முடக்கி வைத்திருக்கிறேன். அது அப்படியேதான் இருக்கும். அப்பா இறந்த முப்பதாம் நாள், அவர் பங்குக்கும் உங்கள் பங்குக்கும் நடுவே இருந்த வரப்பை வெட்டிச் சேர்த்து உழுதுவிட்டு, ‘அண்ணன் வாயாலயே சொன்னாரு’ என்றீர்கள். அன்று முதல் உங்களோடு எதுவானாலும் எழுத்தில் மட்டும் என்று அம்மா முடிவு செய்திருக்கிறார். அதனால்தான் பதிவுத் தபால்.

ரோட்டோரத்தில் அப்பா பங்கிலிருந்து மூன்று சென்ட் இந்தப் புரட்டாசி விதைப்புப் பட்டத்துக்கு எனக்கு வேண்டும். அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். இங்கே என் சோதனைப் பாத்தி ஆகஸ்ட் மழையில் மூழ்கிவிட்டது. கையில் மிஞ்சியது இத்துடன் அனுப்பும் 240 மக்காச்சோள விதை மட்டும். மார்ச்சில் என் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் இந்த எண்ணிக்கை கிடைக்காவிட்டால் ஐந்து வருட ஆராய்ச்சி வீண்.

புரியும்படி எழுதுகிறேன். சோளம் முளைத்ததும் ஒரு வேர் நேரே கீழே போகும். இரண்டு வாரத்தில் அடித்தண்டின் கணுவிலிருந்து சுற்றிலும் வேர் இறங்கும். செடியைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கணு வேர்தான். இந்த விதைகள் நன்றாக நிமிர்ந்து நின்ற ஒரே செடிக்கு அதன் மகரந்தத்தையே சேர்த்து எடுத்தவை. அந்தச் செடி தன் மரபணுவில் ஒரு பழுதை ஒளித்து வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. அது சரியென்றால் பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று கணு வேர் இல்லாமல் வளர்ந்து, இருபது நாளுக்கு மேல் காற்றில் விழும். 240இல் அறுபதையொட்டி விழ வேண்டும். விழுந்ததை எண்ணவும், தோண்டி வேரைப் பார்க்கவும் அக்டோபர் 26 அன்று வருகிறேன். அதற்கு முன் விடுப்பு இல்லை.

பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இருபது. தண்ணீர் மட்டும் விடுங்கள். எதையும் பிடுங்காதீர்கள். விழுந்த இடத்தில் வேறு நாற்று நடாதீர்கள். மண் அணைக்காதீர்கள். விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும். விதையில் மருந்து கலந்திருக்கிறது, செடியை ஆடு மாட்டுக்குப் போடாதீர்கள்.

எழில்


கீழ்பென்னாத்தூர்
செப்டம்பர் 22

என் அருமை மகள், நாளைய பெரிய விஞ்ஞானி எழிலுக்கு, சித்தப்பா அர்ஜுனன் ஆசீர்வாதம். அண்ணாமலையார் புண்ணியத்துல நானும் சித்தியும் ரெண்டு மாடும் சௌக்கியம். உன் சித்தி உண்ணாமலைக்கு மூட்டு வலியெல்லாம் போயே போச்சு. போன பௌர்ணமிக்கு பதினாலு கிலோமீட்டர் கிரிவலத்தை ஓடியே முடிச்சா. நான்தான் பின்னால மூச்சு வாங்கிட்டு வந்தேன்.

உன் கடுதாசி கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு. பரவாயில்லை. படிச்ச புள்ளைங்க அப்படித்தான் எழுதும். நானும் எட்டாவது பாஸ், ஒன்பதாவது பாதி. அந்தக் காலத்து ஒன்பதாவது பாதின்னா இன்னிக்கி உங்க எம்.எஸ்ஸி.க்கு ஒரு படி ஜாஸ்திதான் இருக்கும். நீ எழுதின ஜீன் சமாச்சாரம் ஒரே தரத்துல புரிஞ்சுது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒரு மணி நேரம் லெக்சர் குடுத்தேன். கடைக்காரன் மாறன் பால் பொங்கினதுகூட தெரியாம வாயைப் பொளந்து கேட்டுட்டு இருந்தான். விழற சமாச்சாரத்தை மட்டும் சொல்லலை. அது இன்னாத்துக்கு ஊருக்கு?

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து விதைச்சாச்சு. நம்ம வயல்ல வேலை செய்யற பாஞ்சாலைதான் கயிறு புடிச்சு வரிசை போட்டா. ரோட்டுப் பக்கம் ஒரு போர்டும் வச்சுட்டேன். ‘சர்வதேச வேர் ஆராய்ச்சி நிலையம், கீழ்பென்னாத்தூர் கிளை. மேற்பார்வை: வி. அர்ஜுனன்.’ இன்னிக்கி காலையில கலெக்டர் வண்டியே நின்னு படிச்சுட்டுப் போச்சு. உள்ள அவரு இருந்தாரான்னு கண்ணாடியில தெரியலை.

உங்க அம்மா, அதான் கஸ்தூரி அண்ணி, எப்படி இருக்காங்க? வேங்கிக்கால் வாடகை வீட்டுல தண்ணி வசதியெல்லாம் உண்டா? வரப்பு வெட்டின அன்னிக்கி மூணு கை மண்ணை வாரி என் பக்கமாத் தூத்தி, ‘இதுல எதுவும் நிக்காதுடா அர்ஜுனா’ன்னு ஊரே வேடிக்கை பார்க்கக் கத்திட்டு வண்டி ஏறினாங்களே, அதைக்கூட நான் மனசுல வச்சுக்கலை. சுத்தமா மறந்துட்டேன். என்ன கிழமைன்னுகூட ஞாபகம் இல்லை. செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும்.

உன் நலம் நாடும்,
சித்தப்பா வி. அர்ஜுனன்
(மேற்பார்வை)


கீழ்பென்னாத்தூர்
அக்டோபர் 16

எழிலுக்கு ஆசீர்வாதம். நீ பதில் போடலை. வேலை ஜாஸ்தியா இருக்கும். இங்க எல்லாரும் நலம். மாடு ஒன்னு சினையா இருக்கு, ரெட்டைக் கன்னா இருக்கும்னு என் கணிப்பு. உனக்கு மட்டும்தான் கணிப்பு வருமா?

இருநூத்து நாப்பது போட்டேன், இருநூத்து அம்பது முளைச்சுது. அப்படி ஒரு மண்ணு நம்ம மண்ணு. போன வாரம் ஒரு காத்து மழை அடிச்சுது பாரு, அர்ஜுனன் நிலம் தவிர்த்து ஊர்ல ஒரு முருங்கை மரம் தப்பலை, கூட்டுறவு பேங்க் போர்டே பறந்துபோச்சு. நம்ம சோளம்? ஒன்னு விடாம நிக்குது. போலீஸ் பரேடு மாதிரி நிக்குது. திருவண்ணாமலையிலேர்ந்து சைக்கிள்ல வந்த ஒரு வெள்ளைக்காரம்மா இறங்கி வந்து செடியைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டுப் போச்சு. எதுக்கு அழுதுச்சுன்னு அவங்க பாஷையில சொல்லுச்சு. எனக்குப் புரிஞ்சுது, எழுதினா நீ நம்ப மாட்டே.

நாலுக்கு ஒன்னு விழும்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கலாம். அது ஐதராபாத் நாலு. நம்ம ஊருக்கு அந்தக் கணக்கு வராது.

ஒன்னு விடாம நிக்குதுன்னு அண்ணிகிட்ட மறக்காம சொல்லு. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். நீயா சொல்ற மாதிரி சொல்லு.

சித்தப்பா


ஐதராபாத்
அக்டோபர் 30

சித்தப்பா,

நீங்களும் சித்தியும் உடல்நலத்தோடு இருப்பதை 26ஆம் தேதி நேரில் பார்த்துவிட்டதால் அதைப்பற்றிக் கேட்கவில்லை. சித்தி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பேசினார். ஏன் எழுந்து வரவில்லை என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

நேராக வருகிறேன். இருநூற்று நாற்பது குழி, இருநூற்று நாற்பது செடி. ஒன்று சாயவில்லை. இருபது செடியைத் தோண்டினேன். இருபதுக்கும் கணு வேர் இருந்தது. நாலுக்கு ஒன்று விழாமல் போகலாம். என் கணிப்பு தவறாக இருக்கலாம். அதை ஏற்றுக்கொள்ளத்தான் ஐந்து வருடம் படித்தேன். ஆனால் எந்த விதைக்கும், எந்த மண்ணிலும், ஐந்து வாரத்தில் ஒரு காலிக் குழிகூட இல்லாமல் வரிசை நிற்பதை நான் பார்த்ததில்லை.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பாத்தி இருக்கிறது. அதன் மூலையில் ஐந்தாறு சோள நாற்று மிச்சம் நின்றது. அது எங்கிருந்து வந்த விதை? அந்தப் பாத்தியில் நின்ற மற்ற நாற்றெல்லாம் எங்கே போயின?

நான் கேட்டபோது ‘அது சித்தி போட்ட கீரைப் பாத்தி’ என்றீர்கள். பாஞ்சாலையக்கா தலையைக் குனிந்துகொண்டு களை இல்லாத இடத்தில் களை பறித்தார்.

விழுந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடையில் வாங்கிய விதையின் நாற்றை நட்டிருக்கிறீர்கள். என் இருநூற்று நாற்பது விதையும் போயிற்று. இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். எழுத்தில்.

எழில்


கீழ்பென்னாத்தூர்
நவம்பர் 7

எழிலுக்கு,

இங்க எல்லாரும் உசுரோட இருக்கோம். அங்க நீ கோபத்துல சாப்பிடாம கிடக்காதே.

இல்லை. போதுமா? எழுத்துல குடுத்துட்டேன். இல்லை, இல்லை, இல்லை. முத்திரை வேணும்னா தாசில்தார்கிட்ட வாங்கி அனுப்பறேன்.

நாப்பது வருஷமா இந்தக் கையால பயிர் வைக்கறேன். நேத்து வந்த புள்ளை என் நிலத்துல உக்காந்து ஸ்கேலை வச்சு மண்ணைக் கிண்டிட்டு, என்னையே திருடன்னு எழுதறியா? பாதம் நனையாம சோளத்தைப் பத்திப் படிச்சவ நீ. உன் புரொபசருக்கு ஏர் புடிக்கத் தெரியுமா? நம்ம ஊர் மண்ணு உங்க கணக்கைத் தோக்கடிச்சுடுச்சு. அதைத் தாங்க முடியலை உனக்கு. உங்க அப்பனும் இப்படித்தான். தான் சொன்னது நடக்கலைன்னா பாக்கறவனையெல்லாம் சந்தேகப்படுவான்.

அந்த நிலத்தை வந்து பார்த்தியே, வெளியூர்க்காரி மாதிரி செருப்போட இறங்கினியே, உங்க அப்பன் பங்கு எது என் பங்கு எதுன்னு உன்னால காட்ட முடிஞ்சுதா? பயிர் வச்சவனுக்குத்தான் நிலம் தெரியும். காகிதம் வச்சிருக்கறவளுக்குக் காகிதம் தெரியும்.

கீரைப் பாத்தி கீரைப் பாத்திதான். அதுல சோளம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா, கிளி கொண்டாந்து போட்டிருக்கும். நம்ம ஊர்க் கிளி பக்கத்துக்கு ஒன்னா வரிசையாப் போடும்.

அண்ணிகிட்ட, ஒன்னு விடாம நின்னுச்சுன்னு சொன்னியா இல்லையா? அதை எழுதவே இல்லையே நீ.

வி. அர்ஜுனன்


ஐதராபாத்
நவம்பர் 13

சித்தப்பா,

நலம்.

அம்மாவிடம் சொன்னேன். ‘அவன் நிலத்துல நின்னா எனக்கென்ன, படுத்தா எனக்கென்ன’ என்றார்.

எனக்கு உங்கள் மன்னிப்பு வேண்டாம். ஒரே ஒரு எண் வேண்டும். எத்தனை செடி விழுந்தது? பிடுங்கிய செடிகளை எங்கே போட்டீர்கள்? இன்னும் அந்த வயலில் நிற்பதை யாரும் தொடக் கூடாது.

உங்களிடம் போய் ஒரு எண்ணைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்பது பேர் வந்த என் அப்பா காரியத்துக்குத் தொண்ணூறு பேர் வந்ததாக ஊரெல்லாம் சொன்னவர் நீங்கள். வேறு வழியில்லாமல் கேட்கிறேன்.

எழில்


கீழ்பென்னாத்தூர்
டிசம்பர் 6

அன்பு மகள் எழிலுக்கு, தீபத் திருநாள் ஆசீர்வாதம்! இங்க எல்லாரும் நெய் வாசத்தோட சௌக்கியம்.

உனக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம். தீபத்துக்கு எத்தனை கூட்டம் வரும்னு உனக்குத் தெரியும். அதுல ஜாஸ்தியாவே வந்துச்சு இந்த வருஷம். கிரிவலப் பாதையில சோளம் சுட்டு விக்கறவங்க வந்து கையைப் புடிச்சு, ‘அர்ஜுனண்ணே, ரோட்டோரம் நிக்குதே பிஞ்சு சோளம், அதைக் குடுத்தாத்தான் ஆச்சு’ன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. நானும் மனசு இளகி எல்லாத்தையும் ஒடிச்சுக் குடுத்துட்டேன். தட்டையையும் அறுத்து அடுப்புக்கு ஆச்சு. பத்து லட்சம் பக்தருங்க உன் ஆராய்ச்சிச் சோளத்தை உப்பு மொளகாய்ப் பொடி தடவித் தின்னுட்டு மலையைச் சுத்தியிருக்காங்க. ஒருத்தரு தின்னுட்டு, ‘இது விஞ்ஞானச் சோளம்’னு கண்ணை மூடிச் சொன்னாராம். எந்த ஊர் விஞ்ஞானிக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? மலை மேல தீபம் ஏத்தின நேரம் உன் பேருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

எண்ணு கேட்டிருந்தே. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ரெண்டும் வீட்டுல இருக்கு. சிரி கொஞ்சம்.

போர்டு மட்டும் இன்னும் நிக்குது.

சித்தப்பா


ஐதராபாத்
டிசம்பர் 12

திரு. அர்ஜுனன் அவர்களுக்கு,

யாரும் தொடக் கூடாது என்று எழுதியிருந்தேன். தொட்டது மட்டுமல்ல, விற்றும் விட்டீர்கள். என் ஐந்து வருடம் உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிப் போய்விட்டது.

ஜனவரி முடிவில் என் வழிகாட்டியிடம் ‘தரவு இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேங்கிக்காலுக்கு வருகிறேன். வேலை தேட வேண்டும். கையில் நேரம் இருக்கும் என்பதால் நிலத்தை அளந்து அப்பா பங்கைப் பிரிக்க சர்வேக்கு இப்போதே மனு போட்டுவிட்டேன். இனி என்னிடமிருந்து கடிதம் வராது. வருவது நோட்டீஸாக இருக்கும்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

கா. எழில்


கீழ்பென்னாத்தூர்
ஜனவரி 9

எழிலுக்கு சித்தப்பா எழுதறது.

இந்தத் தரம் சௌக்கியம்னு எழுத வரலை. சித்தி கிரிவலம் ஓடினான்னு எழுதினேனே, அது இல்லை. கொல்லைக்குப் போகவே செவுத்தைப் புடிச்சுட்டுத்தான் போறா. உன் கடைசிக் கடுதாசியை நாலு தரம் படிச்சுட்டு, மூணு நாளா என்கிட்ட பேசலை. நாலாவது நாள், ‘அந்தப் புள்ளை அஞ்சு வருஷம் பட்ட பாட்டை அரை நாள்ல பிடுங்கிட்டு, எண்ணெய்னு ஜோக்கு வேற எழுதினீங்களா’ன்னு கேட்டா.

பஸ் பார்சல்ல ஒரு சாக்கு மூட்டை போட்டிருக்கேன். பிரிச்சுப் பாரு. பிடுங்கின செடியெல்லாம் அதுல இருக்கு.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காத்து மழை. விடிஞ்சு போய்ப் பார்த்தா வரிசைக்கு நாலஞ்சு படுத்துக் கிடக்குது. பக்கத்துல இருக்கறது ஜம்முனு நிக்குது. யாரோ போய் பொறுக்கிப் பொறுக்கிச் சாய்ச்ச மாதிரி. நாலுக்கு ஒன்னு விழும்னு நீ எழுதினது சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ஆனா அதைப் பார்த்த நிமிஷம் ஜீன் ஞாபகம் வரலை எழில். அண்ணி கைதான் ஞாபகம் வந்துச்சு. மூணு கை மண்ணு. நான் நின்னுட்டு இருக்கேன், மாறன் டீக்கடையைத் திறக்க சைக்கிள்ல போறான். வண்டியை நிறுத்தி, ‘இன்னா அர்ஜுனா, அண்ணி வாரின மண்ணு வேலை செய்யுது போல’ன்னான். சிரிச்சுட்டுத்தான் சொன்னான். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துப்போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஏழு மணி பஸ் வந்துடும். பஸ்ஸுல நம்ம ஊர் ஜனம் பூரா ஜன்னல்ல இருக்கும்.

எப்பவும் எந்தப் பயிர் வச்சாலும் ஓரமா ஒரு பாத்தியில நிரப்பு நாத்து விடறது என் பழக்கம். உன் விதை போட்ட அன்னிக்கே கடை விதையில விட்டிருந்தேன். நானும் பாஞ்சாலையும் இறங்கினோம். விழுந்ததைப் பிடுங்கி, அந்தக் குழியில மண்ணோட நாத்தைப் பெயர்த்து வச்சோம். பிடுங்கறதுக்குக் கஷ்டமே இல்லை. நிக்கறதை ரெண்டு கையால இழுத்தாலும் அசையலை. விழுந்தது ரெண்டு விரல்ல வந்துடுச்சு. எலி வால் மாதிரி ஒரே ஒரு வேர். நீ எழுதினது அப்படியே இருந்துச்சு. பாஞ்சாலைகூட, ‘அண்ணே, இதுக்குக் காலே இல்லை, அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி’ன்னா. நான் வாயை மூடுடின்னேன்.

மருந்து கலந்ததுன்னு நீ எழுதியிருந்ததால மாட்டுக்குப் போடலை. உன் பேச்சுல அது ஒன்னைத்தான் கேட்டிருக்கேன். பாஞ்சாலைக்கு நெல் நாத்து பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கம். கையில சேர்ந்ததை நாத்துக் கட்டு மாதிரி முடியாக் கட்டாம போட அவளுக்கு வராது. வரிசைக்கு ஒரு முடி, பன்னிரண்டு முடி கட்டி, ஆடு வாய் வைக்காம மோட்டார் கொட்டகை உத்தரத்துல தொங்கவிட்டா. அன்னிக்கி நீ வந்தப்போ உன் தலைக்கு மேலதான் தொங்கிச்சு. நீ பாத்தியைப் பார்த்தே, மேல பார்க்கலை. எனக்கு உசுரு வந்துச்சு.

மொத்தம் அம்பத்தெட்டு. கூட்டலை, குறைக்கலை. பொய் சொல்றவனா இருந்தா நீ ஆசைப்பட்ட அறுபதையே எழுதியிருப்பேன். நட்டது இருநூத்து நாப்பது, முளைச்சதும் இருநூத்து நாப்பதுதான். இருநூத்து அம்பது இல்லை.

உங்க அம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்டாதே.

சித்தப்பா


ஐதராபாத்
ஜனவரி 28

சித்தப்பா,

நலம். சித்தியின் முட்டியை ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். கிரிவலம் ஓடினார் என்று அவரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மூட்டை வந்தது. ஈரம் படாமல் நன்றாகக் காய்ந்திருந்தது. நானும் என் வழிகாட்டியும் ஒவ்வொரு முடியாகப் பிரித்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு முடியிலும் இருந்தவற்றுக்கு ஒரே ஒரு வேர். கணுவில் வேர் புறப்பட வேண்டிய இடம் மழமழவென்று இருக்கிறது. அப்படி ஐம்பத்து மூன்று செடி.

மீதி ஐந்துக்குக் கணு வேர் துடைப்பம் மாதிரி இருக்கிறது. பாஞ்சாலையக்கா கட்டிய முடியெல்லாம் வாழைநாரில். இந்த ஐந்து மட்டும் பச்சை நைலான் நூலில் தனியாகக் கட்டி மேலே செருகியிருந்தது. கீரைப் பாத்தியின் மூலையில் மிச்சம் நின்ற ஐந்தாறு நாற்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

‘கூட்டலை, குறைக்கலை’ என்று எழுதிய அதே கையால் ஐந்தைக் கூட்டியிருக்கிறீர்கள். அறுபது போட்டால் சந்தேகப்படுவேன் என்று ஐம்பத்தெட்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் நான் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன் சித்தப்பா. மறுநாள் மூட்டையைப் பிரித்தேன். நல்லவேளை, வேருக்கு உங்களைப் போலப் பேச வராது.

ஐம்பத்து மூன்றே போதும். அறுபதுக்கு ஐம்பத்து மூன்று என்பது கணக்கில் பொருந்தும் தூரம்தான். ஒரே மரபணு என்ற என் கணிப்பு நிற்கிறது. நீங்கள் சேர்த்த ஐந்து எனக்குத் தேவையே படவில்லை. வரிசைவாரியாக முடி கட்டிய பாஞ்சாலையக்காவுக்கு ஆய்வேட்டில் நன்றி எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரும் இருக்கிறது: ‘நிலத்தை உழும் வி. அர்ஜுனன், அறிவுறுத்தலுக்கு மாறாக 53 செடிகளைப் பிடுங்கினார்.’

அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். முழுவதும். ‘எந்த ஊர் மண்ணில் போட்டாலும் இதில் நாலுக்கு ஒன்று விழும், நீ வாரிய மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சித்தப்பாவுக்கு எழுதட்டுமா’ என்று கேட்டேன். ‘எழுதாத. நெனைச்சுக்கிட்டே கிடக்கட்டும்’ என்றார்.

எழுதிவிட்டேன். உங்களுக்காக இல்லை. அது உண்மை என்பதால்.

சர்வே மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

எழில்


கீழ்பென்னாத்தூர்
பிப்ரவரி 12

என் பேரை இங்கிலீஷ் புஸ்தகத்துல ஏத்தின மகள் எழிலுக்கு, சித்தப்பா ஆசீர்வாதம்! சித்தியை டாக்டர்கிட்ட காட்டியாச்சு. ஊசி போட்டிருக்காரு. செவுத்தைப் புடிக்காம சமையக்கட்டு வரைக்கும் வரா. இது நிஜம், வேணும்னா சித்தியையே எழுதச் சொல்றேன்.

அஞ்சு செடிக்குப் போய் இவ்வளவு கோபமா? கறிகாய் வாங்கினா கொசுறு போடறது இல்லையா? நீ கேட்ட கணக்குக்குக் கம்மியா இருக்கே, புள்ளைக்கு மார்க்கு போயிடப் போகுதேன்னு பதைச்சுப்போய் சேர்த்தேன். அது வேருக்குத் தெரிஞ்சுடும்னு எனக்கு எப்படித் தெரியும்?

இப்ப ஒரு சங்கடம். நீ எழுதினதைப் படிச்சதும் நேரா மாறன் டீக்கடைக்குப் போனேன். ‘டேய், அன்னிக்கி என் சோளம் விழுந்துச்சு. அண்ணி மண்ணால இல்லை, ஜீனால. எங்க போட்டாலும் நாலுக்கு ஒன்னு விழற ஜாதி அது’ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஒருத்தன் நம்பலை. ‘ஒன்னு விடாம நிக்குது, வந்து பாருன்னு நீதானே கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினே’ங்கறான், அன்னிக்கி விழுந்ததைக் கண்ணால பார்த்த மாறனே. ‘நீயே பிடுங்கிட்டு ஜீனு மேல பழி போடறியா’ங்கறான் இன்னொருத்தன். பாஞ்சாலையைக் கூப்பிட்டு சாட்சி சொல்லச் சொன்னா, ‘வாயை மூடுடின்னீங்களே அண்ணே’ன்னு போயிட்டா. வாழ்நாள்ல ஒரு தரம் உள்ளதைச் சொன்னா இந்தக் கதி.

அதனால உங்க நிலையத்து முத்திரை போட்டு எனக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். அர்ஜுனன் நிலத்துல சோளம் விழுந்தது மரபணுவாலதான், வேற எந்தக் காரணமும் இல்லைன்னு தமிழ்ல, பெரிய எழுத்துல. பிரேம் போட்டு, டீக்கடைக்குப் போறவன் வர்றவன் கண்ணுல படற மாதிரி நம்ம போர்டுலயே மாட்டறேன். மொத்தம் அறுபது விழுந்துச்சுன்னு போட்டுடு. ஊர்ல அறுபதுன்னு சொல்லிட்டேன்.

சர்வேயரெல்லாம் எதுக்கும்மா நமக்குள்ள? நானே வரப்பு போட்டுட்டேன். நாலு நாள் வேலை. சீனாக்காரன் கட்டின சுவரு தோத்துடும், மாட்டு வண்டியே மேல போகலாம். அண்ணியை வந்து பார்க்கச் சொல்லு. மண்ணை வாரணும்னா இந்தத் தரம் அவங்க பக்கத்துலயே வாரிக்கட்டும்.

சித்தப்பா வி. அர்ஜுனன்
(மேற்பார்வை)


ஐதராபாத்
பிப்ரவரி 21

சித்தப்பா,

நலம். சித்தி எழுதிய இரண்டு வரி தனியாக வந்தது. ஊசி போட்டது உண்மை என்று தெரிந்துகொண்டேன்.

அம்மா பத்தொன்பதாம் தேதி பஸ்ஸில் வந்து இறங்கி வரப்பைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உங்களைக் கூப்பிடவில்லை. பழைய வரப்பின் எல்லைக் கல் வேலியோரம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறதாம். அங்கிருந்து காலால் அளந்திருக்கிறார். புது வரப்பு அப்பா பங்குக்குள் இரண்டடி தள்ளி நிற்கிறது. மாட்டு வண்டியெல்லாம் அதன் மேல் போகாது, ஒரு ஆள் நடந்தாலே சரிகிறது என்றார். மண்ணை வாரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்ததாகச் சொன்னார், அவ்வளவுதான்.

சான்றிதழ் தயாராக இருக்கிறது. தமிழில், பெரிய எழுத்தில், முத்திரையோடு. மார்ச் 6 சர்வேயர் வருகிறார். கல் இருக்கும் இடத்துக்கு வரப்பு வந்ததும் உங்கள் கையில் தருகிறேன்.

அதில் எழுதியிருக்கும் எண் ஐம்பத்து மூன்று.

எழில்